மீன் சேராத பிள்ளை

சாலேம்குளத்தில் மனிதர்கள் குடியேறுவதற்கு முன்பே கூழைக்கடாக்கள் குடியேறிவிட்டன என்பதால் அந்த ஊரில் அவற்றை யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. கிறிஸ்துமஸ் ஆனாலும் புதுவருஷம் ஆனாலும் அங்கே வெடி போடமாட்டார்கள், கல்யாண ஊர்வலத்து மேளம்கூடக் குளத்தங்கரைத் திருப்பம் வந்ததும் வாயை மூடிக்கொள்ளும், கருவேல மரங்களில் குஞ்சுகள் தூங்கும் என்று. ஆகவே பள்ளிக்கூடம் அடைத்துக் கிடந்த சித்திரை மாதத்தில், ஒருநாள் காலை, ஒரு கூழைக்கடா எப்சிபாவின் முற்றத்தில் இறங்கி, துணி துவைக்கிற கல்லின்மேல் ஏறி நின்று, தொண்டைப் பையைத் திறந்து ஒரு சட்டி மீனைக் கொட்டிவிட்டு, தலையை ஒருதரம் தாழ்த்தி, வந்த வழியே பறந்து போனபோது, எப்சிபா அலறவுமில்லை, யாரையும் கூப்பிடவுமில்லை. கெண்டையும் கெளுத்தியுமாகத் துடித்துக்கொண்டிருந்த மீன்களைப் பார்த்தாள். அப்புறம் வாசல்படியில் உட்கார்ந்திருந்த மகள் கெத்சியாளைப் பார்த்தாள். கெத்சியாள் மீனைப் பார்த்தாள்.

"மீனாம்மா?" என்றாள் ஏழு வயதுக் கெத்சியாள், ஏதோ தப்பான வீட்டுக்கு வந்துவிட்ட விருந்தாளியைப் பார்ப்பதுபோல.

கெத்சியாளுக்கு மீன் சேராது. பால்குடி மறந்து முதன்முதல் ஒரு துண்டு மீன் வாயில் வைத்த அன்றே உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்து, ஊரே கூடித் தூக்கிக்கொண்டு ஓடிய பிள்ளை அவள். அந்த ஊரில் அவளுக்குப் பட்டப்பெயரே 'மீன் சேராத பிள்ள' என்பதுதான். குளத்தைச் சுற்றி ஐம்பது வீடு, ஐம்பது வீட்டிலும் மீன்சட்டி, நடுவில் மீன் சேராத ஒரு பிள்ளை. தெரியாத ஆள் யாருமில்லை. தெரிந்தவருக்கெல்லாம் தெரிந்தவர் ஆண்டவர், அவருக்குத் தெரியாமலா இருக்கும் என்றுதான் எப்சிபாவும் நினைத்தாள். முந்தின நாள் அவள் முழங்காலில் நின்று கேட்டது அரிசி.

ஏன் அரிசி கேட்க வேண்டிவந்தது என்பதற்குப் பெரிய கதையில்லை. கணவன் கேரளாவுக்கு மரம் அறுக்கப் போனான், மரம் சாய்கிற பக்கம் நின்றிருந்தான், திரும்பி வரவில்லை. அவன் பேரை நீக்கித் தரச்சொல்லிக் கொடுத்த ரேஷன் கார்டும் போன இடத்திலிருந்து திரும்பி வரவில்லை. பள்ளிக்கூடம் இருந்தால் மத்தியானம் பிள்ளைக்கு அங்கே சோறு. மற்ற நேரத்துக்கு எப்சிபா சுற்றுகிற பீடியும், விதவைகளுக்கென்று சபை கொடுக்கிற கைப்பிடி அரிசியும். சாலேம்குளத்துப் பெண்கள் உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியாக ஒரு கலயத்தில் போடுவார்கள், ஞாயிற்றுக்கிழமை அதைக் கோயிலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள், திங்கட்கிழமை அது எப்சிபாவைப் போன்றவர்களின் வீட்டுக்கு வரும். ஆக, பள்ளிக்கூடம் மறுபடி திறக்கிறவரை அந்த அரிசி மூன்று வேளைக்கும் காணாது, பிள்ளையைக் காப்பாற்ற இன்னும் கொஞ்சம் அரிசி வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

பறவை மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. அப்புறம் அது வராத நாளே இல்லை.

ஊர் இதை எப்படி எடுத்துக்கொண்டது என்றால், மிகுந்த சந்தோஷமாக எடுத்துக்கொண்டது. உபதேசியார் சாலமோன்துரை வந்து கல்லைத் தொட்டுப் பார்த்து, கண்கலங்கி, அந்த ஞாயிற்றுக்கிழமை ஆகாயத்துப் பறவைகளைப் பற்றியும் அவற்றைப் போஷிக்கிறவரைப் பற்றியும் பிரசங்கம் செய்தார். இதுவரை ஆண்டவர் பறவையைத்தான் போஷித்தார், இப்போது பறவையை வைத்தே நம்மையும் போஷிக்கிறார் என்று அவர் சொன்னபோது பின்வரிசையில் இருந்த இளவட்டங்கள்கூட ஆமென் சொன்னார்கள். பக்கத்து ஊர்களிலிருந்து வேனில் ஆள் வந்தது. வந்தவர்கள் முற்றத்து வேலி ஓரமாக வரிசையாக நின்று, பறவை இறங்கும்போது பாட்டுப் பாடி, அது போனதும் சட்டியை நீட்டினார்கள். ஆசீர்வாத மீனை ஆளுக்கு ஒன்றாவது வாங்காமல் போகமாட்டோம் என்றார்கள். எப்சிபாவும் கொடுத்தாள், சித்திரை வெயிலில் பத்து மணிக்கே நாறிப்போகிற மீனை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்ய? பதிலுக்கு ஒரு படி அரிசி தருவார்கள் என்று நினைத்தாள். தந்திருப்பார்கள், ஆனால் கோயில் கமிட்டி செயலர் வேதமாணிக்கம் முதல் நாளே வேலி ஓரத்தில் நின்று சொல்லிவிட்டார்.

"யாரும் இதுக்குப் பதிலா ஒண்ணும் குடுக்கக் கூடாது, கேட்டியளா. அரிசியும் கூடாது, பருப்பும் கூடாது. வாங்கிட்டுக் குடுத்தா அது வியாபாரம். ஆண்டவரு இலவசமாத் தாறத நாம விலை பேசுன பாவம் ஊருக்கு வேண்டாம்."

நல்ல மனிதர் வேதமாணிக்கம். வட்டிக்குக் கொடுக்காதவர், குடிக்காதவர். அவர் வீட்டுச் சட்டியும் அன்று வரிசையில் இருந்தது.

அந்த வாரமே கமிட்டி கூடியது. பெண்கள் பாயில் எப்சிபாவும் பக்கத்து வீட்டு அன்னப்பாக்கியமும் இருந்தார்கள்.

"ஆண்டவரே நேரா ஊட்டுதாரு," என்றார் வேதமாணிக்கம். "நடுவுல போயி நாம கைப்பிடி அரிசிய நீட்டுனா என்ன அர்த்தம்? நீரு போடுதது பத்தலன்னு அவருகிட்டயே சொல்லுத மாதிரி ஆவாதா? வேற விதவைகளுக்கு அதப் பிரிச்சுக் குடுப்போம்."

"மீனுதான அண்ணாச்சி வருது," என்றாள் அன்னப்பாக்கியம். "அரிசி வரலையே."

"அரிசியும் வரும். மொதல்ல விசுவாசம் வரட்டும்."

"அந்தப் பிள்ளைக்கு மீன் சேராதுன்னு ஒங்களுக்குத் தெரியாதாக்கும்?"

"அது குளத்து மீன். இது ஆண்டவரு குடுக்குத மீன்."

"இதுவும் நம்ம குளத்துலயிருந்துதான அண்ணாச்சி புடிச்சிட்டு வருது?"

ஆண்கள் பாயில் யாரோ சிரித்தார்கள். வேதமாணிக்கம் சிரிக்கவில்லை. "மதினி, நீங்க ரொம்பப் படிச்சவுக. எங்களுக்கு அவ்வளவு அறிவு இல்ல, நாங்க நம்பிக்கிட்டுப் போறோம்," என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது, எப்சிபாவின் பங்கும் முடிந்தது; எல்லாரும் எழுந்து நின்று, அன்றன்றைக்குள்ள ஆகாரத்துக்காக ஜெபம் பண்ணிவிட்டு, அவரவர் வீட்டுக்குச் சாப்பிடப் போனார்கள்.

பீடி ஏஜெண்ட் ஆசீர் இலையும் தூளும் தர மறுத்தான். அவனும் கெட்ட எண்ணத்தில் மறுக்கவில்லை. "யக்கா, நானே பாவத் தொழில் பாக்குதேன்னு ராத்திரிபகலா உறுத்திக்கிட்டுக் கெடக்கேன். ஆண்டவரு ஒங்களத் தூக்கி எடுத்துட்டாரு. திரும்ப அந்தச் சகதிக்குள்ள ஒங்கள என் கையால இழுத்து விடச் சொல்லுதியளா? பாக்க வாற சனம், பறவை ஒரு பக்கம் மீன் கொட்டுது, இவ ஒரு பக்கம் பீடி சுத்துதான்னு சொன்னா சாட்சி கெட்டுப் போவும்லா?" என்றான். கடைக்காரன் கடன் தர மறுத்தான். கடன் வாங்குகிறவர்கள் நாளையை நினைத்து வாங்குகிறவர்கள், அவளுக்கு நாளையை நினைக்க வேண்டிய அவசியம் நீங்கிவிட்டது என்பது அவன் கட்சி. உடன்பிறந்த அண்ணன் நாங்குநேரிப் பக்கத்திலிருந்து வந்து, ஒரு வாளி மீனை வாங்கி மோட்டார் சைக்கிளில் மாட்டிக்கொண்டு, "ஒன்ன நெனச்சுத்தான் தங்கச்சி எனக்கு ஒறக்கம் இல்லாமக் கெடந்துது, இனி நிம்மதி," என்று தலையைத் தடவிவிட்டுப் போனான். யோசித்துப் பார்த்தால், பறவை வந்த பிறகு அந்த ஊரில் கவலை இல்லாமல் போனது உண்மைதான். எப்சிபாவைப் பற்றிய கவலை ஒவ்வொருவர் நெஞ்சிலிருந்தும் கல்லைப்போல இறங்கியது. இறங்கிய கல்லெல்லாம் எங்கே போய்க் குவிந்தது என்று மட்டும் ஒருவரும் பார்க்கவில்லை.

அவள் கவலைப்படவும் கூடாது. முகத்தில் ஒரு சுருக்கம் விழுந்தால் வேலிக்கு அந்தப்பக்கம் பேச்சு எழுந்தது. "ஏட்டி, மூஞ்சியத் தூக்கி வச்சிருக்காத, வெளியூர்க்காரவிய பாக்காவ," என்று பெண்கள் வந்து சொன்னார்கள். வாராவாரம் ஆராதனையில் அவள் எழுந்து, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சியாகச் சொல்ல வேண்டும். ஒருதரம், "ஆண்டவரு மீன் தாறாரு, ஸ்தோத்திரம், அரிசிக்கும் ஜெபிச்சுக்கிடுங்க," என்று சொல்லிவிட்டாள். வெளியே வந்ததும் உபதேசியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முதல் பாதியோடு நிறுத்தியிருக்கலாமே என்றார். அடுத்த வாரம் முதல் பாதியோடு நிறுத்தினாள்.

எப்சிபா பறவையை விரட்டியும் பார்த்தாள். யாரும் வருவதற்கு முன்னால், விடிந்தும் விடியாமல், விளக்குமாற்றை ஓங்கி, "போ, வேற வீட்டுக்குப் போ, எத்தன வீடு கெடக்கு," என்றாள். அது ஓரடி நகர்ந்து, தென்னை மூட்டில் நின்றுகொண்டு, கனத்த பையோடு அவளையே பார்த்தது. சொன்ன இடத்தில் கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தவிர வேறொன்றும் தெரியாத முகம். யாரோ அதனிடம் விலாசம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள், என்ன கேட்டாள் என்பதைச் சொல்லி அனுப்ப மறந்திருக்கிறார்கள். அவள் கை தானாகத் தாழ்ந்தது. அது நடந்து வந்து கல்லில் ஏறி மீனைக் கொட்டியது.

கெத்சியாள் அதனோடு பழகிவிட்டாள். "ஏ பறவ, நாளைக்கு இட்லி கொண்டா," என்பாள்.

"அதுக்கு இட்லின்னா என்னன்னு தெரியுமாட்டீ?"

"காமிச்சா தெரிஞ்சுக்கிடும். நீ ஒருக்கா அவிச்சு அதுக்குக் காமி."

அன்னப்பாக்கியம் வேலி வழியாகச் சோற்றுச் சட்டியைக் கொஞ்ச நாள் நீட்டினாள். அவள் புருஷன் வேதமாணிக்கத்தின் சொந்தக்காரன், ஒருநாள் பார்த்துவிட்டான், அன்றோடு வேலி உயர்ந்தது. எப்சிபா மீனைத் தின்றாள். காலையில் மீன், மத்தியானம் மீன், உப்பு இருக்கிறவரை உப்புப் போட்டு, தீர்ந்ததும் சும்மா சுட்டு. கெத்சியாள் முருங்கைக்கீரையைத் தின்றாள், கொல்லையில் விழுந்த கொடுக்காப்புளியைத் தின்றாள், வேன்காரர்கள் எப்போதாவது கொடுத்த பிஸ்கட்டைத் தின்றாள், தண்ணீர் குடித்தாள். அவளுடைய தோள்பட்டை எலும்புகள் சட்டைக்குள் இரண்டு சிறகு முளைப்பதுபோலத் துருத்தின. வந்தவர்கள் அவளைப் பார்த்து, எவ்வளவு சாந்தமான பிள்ளை, ஓடாமல் ஆடாமல் உட்கார்ந்தே இருக்கிறதே என்றார்கள்.

ஆனாலும் ஒன்று இருந்தது. பள்ளிக்கூடம் திறக்கும் முன்னால், வைகாசியில், கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை வரும், பண்டிகை முடிவில் அசனம் வரும். வீட்டுக்கு வீடு அரிசி வாங்கி, ஆண்கள் அடுப்பு மூட்டி, கத்தரிக்காயும் முருங்கைக்காயும் போட்ட குழம்பு வைத்து, கோயில் மைதானத்தில் ஊரையே உட்காரவைத்துச் சோறு போடுவார்கள். அந்தச் சோற்றுக்கு விசுவாசம் வேண்டாம், கமிட்டி வேண்டாம், இலைமுன் உட்கார்ந்தால் போதும். "அசனம் எப்பம்மா?" என்று கெத்சியாள் எழுந்ததும் கேட்பாள். "இந்தா வந்துட்டு," என்பாள் எப்சிபா. பிள்ளையை அவள் அந்தச் சொல்லைக் கொடுத்தே வளர்த்தாள்.

சாலேம்குளத்து அசனத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோற்றைத் தனியாகவும் குழம்பைத் தனியாகவும் பரிமாறமாட்டார்கள். அண்டாவிலேயே குழம்பை ஊற்றிப் பிசைந்து, எல்லா இலைக்கும் ஒரே சோறாகத்தான் போடுவார்கள். வசதியானவன் இலையில் காய், இல்லாதவன் இலையில் வெறும் தண்ணீர் என்ற பேச்சு வந்துவிடக் கூடாதென்று அந்தக் காலத்தில் ஊரைக் கட்டியவர்கள் வைத்த வழக்கம் அது, அதைச் சொல்லி இன்றைக்கும் பெருமைப்படுவார்கள். அந்த வருஷம் கமிட்டி யோசித்து, எப்சிபாவிடம் சொல்லாமலே, கத்தரிக்காய்க்குப் பதிலாக மீன் குழம்பு என்று முடிவு செய்தது. அன்று காலை எப்சிபாவின் கல்லில் விழுந்த மீனையும் குளத்தில் வலை போட்டு எடுத்த மீனையும் ஒன்றாகக் கலந்து, எந்தத் துண்டு எதுவென்று தெரியாதபடி, எல்லா இலைக்கும் அற்புதத்தின் பங்கு போகும்படி.

புளியும் மீனும் கொதிக்கிற வாசனை வந்தபோதே எப்சிபா பிள்ளையை இலைமுன் உட்காரவைத்து, நான் வருகிறவரை தொடாதே என்று சொல்லிவிட்டு அடுப்படிக்கு ஓடினாள். வேதமாணிக்கம் தலையில் துண்டோடு நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, குழம்ப ஊத்துததுக்கு முன்னால ஒரு கரண்டி வெள்ளச் சோறு எடுத்துத் தாங்க. ஒரே ஒரு கரண்டி."

"ஊத்தியாச்சேம்மா."

எல்லா அண்டாவிலும் ஊற்றியாயிற்று. மண்வெட்டி போன்ற பெரிய கரண்டிகளால் இரண்டிரண்டு பேராகப் பிசைந்துகொண்டிருந்தார்கள்.

"ஊத்தாம இருந்தாலும்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி, "ஒரு இலைக்கு மட்டும் தனிச் சோறு போட்டா அது அசனமா, சொல்லு. அதுவும் ஒன் பிள்ள இலைக்கு. வேன்ல வந்து உக்காந்திருக்கவன் என்ன நெனப்பான்? அந்த வீட்டுப் பிள்ளையே இதத் திங்காதாம்னு போயிச் சொல்ல மாட்டானா?"

"சேராது அண்ணாச்சி. திங்க மாட்டேன்னு அவ சொல்லல. அவளுக்குச் சேராது."

"ஜெபம் பண்ணிக் குடு."

அவள் உபதேசியாரிடம் ஓடினாள். சாலமோன்துரை அங்கியைக் கழற்றி மடித்துக்கொண்டிருந்தார். அவள் சொல்லச்சொல்ல அவர் முகத்தில் வியர்வை அரும்பியது. "எனக்கும் பயமாத்தான் இருக்கு எப்சிபா," என்றார். "பறவை வந்த நாள்லயிருந்து எனக்குப் பயந்தான். ஆனா நான் பிரசங்கம் பண்ணியாச்சு. இத்தன சனத்துக்கு முன்னால இப்பப் போயி நான் என்னத்தச் சொல்ல?"

"பிள்ளைக்கு ஒரு வாய் சோறு வேணும்னு சொல்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல வேண்டாம். நாங்க கேட்டது அதுதான், அவரு கிட்டயும் ஒங்க கிட்டயும். அவருக்குப் பறவையத்தான் அனுப்ப முடியும்னா, ஒங்களுக்குக் கையிருக்குல்லா ஐயா?"

அவர் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தாரோ, அது யாருக்கும் தெரியாமல் போயிற்று. ஏனென்றால் அதற்குள் மைதானத்தில் இலைகளுக்குச் சோறு விழுந்துவிட்டது, ஸ்தோத்திரப் பாட்டு முடிந்துவிட்டது, கெத்சியாளின் இலையிலும் ஒரு கரண்டி விழுந்துவிட்டது; யாரும் ஊட்டவில்லை, யாரும் வற்புறுத்தவில்லை, அவள் பாட்டுக்குக் குனிந்து, இரண்டு கையாலும் அள்ளி, சுடுகிறதென்று ஊதவும் பொறுக்காமல் தின்றாள். எப்சிபா இலைகளுக்கு நடுவே தாண்டித் தாண்டி ஓடிவந்து சேர்ந்தபோது இலை வழித்துத் துடைத்ததுபோல் இருந்தது. கெத்சியாள் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். உதடு ஒரு பக்கம் தடித்திருந்தது. "சோறும்மா," என்றாள்.

ஆசீர்தான் மோட்டார் சைக்கிளை உதைத்தான். நடுவில் பிள்ளை, பின்னால் தாய். பிள்ளையின் தொண்டையில் துருத்தி ஊதுகிற சத்தம், கண் இரண்டும் மூடிப்போன முகம், தாயின் தோளில் ஈரம். பெரியாஸ்பத்திரியில் இறக்கினார்கள். ஊசி போட்டு, மூக்கில் குழாய் வைத்து, இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, எப்சிபாவின் முகத்தைப் பார்த்துவிட்டு முடிக்காமல் விட்டார். பிள்ளை பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வார்டுக்குள் ஒரு தள்ளுவண்டி வந்தது. ரொட்டியும் பாலும் வைத்தார்கள். மத்தியானம் அதே வண்டி வந்தது. சோறு, பருப்பு, ஒரு முட்டை. சாயங்காலமும் வந்தது. யாரும் பாடவில்லை, யாரும் சாட்சி சொல்லச் சொல்லவில்லை. வண்டி தள்ளுகிற அம்மாள் ஒவ்வொரு கட்டிலிலும் தட்டை வைத்துவிட்டு, "தட்டக் கழுவி வைங்க," என்று அலுத்துக்கொண்டே போனாள். வீக்கம் வடியாத உதட்டோடு கெத்சியாள் தின்றாள், தின்றுவிட்டுத் தூங்கினாள், எழுந்து அடுத்த வண்டி எப்போது என்று கேட்டாள். எப்சிபா அவள் மிச்சம் வைத்த சோற்றைத் தின்றாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு நாக்கில் மீன் வாடை இல்லாத ஒரு கவளம். இரண்டு நாளில் பிள்ளையின் கன்னத்தில் ஒரு மினுக்கம் வந்தது.

ஊரிலிருந்து வேதமாணிக்கமும் உபதேசியாரும் நாலைந்து பெண்களும் பார்க்க வந்தார்கள். கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தார்கள். சாவின் வாசலிலிருந்து பிள்ளையைத் தூக்கித் தந்ததற்காக நன்றி சொன்னார்கள். இது இரண்டாவது அற்புதம், இதற்கும் ஒரு சாட்சி வைக்க வேண்டும் என்று வேதமாணிக்கம் சொன்னார், அவர் கண்ணில் உண்மையாகவே தண்ணீர் நின்றது. உபதேசியார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பறவை தெனமும் வந்து நிக்குதும்மா," என்றாள் ஒருத்தி. "கொட்ட மாட்டேங்குது. நீ வாற வரைக்கும் கல்லுல அப்படியே நிக்குது, பாக்கப் பாவமா இருக்கு. சீக்கிரம் வந்துரு."

"கைப்பிடி அரிசி?" என்றாள் எப்சிபா.

வேதமாணிக்கம் அவள் கையைப் பிடித்தார், ஒரு தகப்பனைப்போல. "இவ்வளவு பெரிய காரியத்தப் பாத்த பெறவுமா ஒனக்குக் கவலை?" என்றார்.

அவர்கள் போன பிறகு சிஸ்டர் வந்து அட்டையில் ஏதோ குறித்துவிட்டு, பிள்ளை தேறிவிட்டாள், நாளைக்குக் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்றாள். கெத்சியாள், "நாளைக்கு மத்தியானம் வண்டிச் சோறு தின்னுட்டுப் போவோமா?" என்று கேட்டாள்.

எப்சிபா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில் முழங்காலில் நின்றாள். எல்லாக் கட்டிலிலும் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவளுக்கு வெட்கமாக இல்லை. நீர் நல்லவர் என்று ஆரம்பித்தாள், பழக்கதோஷத்தில். அப்புறம் கேட்டாள்: நீர் பிள்ளையைக் காப்பாற்றினீர், மறக்கமாட்டேன், ஆனால் இத்தோடு நிறுத்திக்கொள்ளும், முழுசாகச் சொஸ்தமாக்கிவிடாதேயும், பள்ளிக்கூடம் திறக்கிற வரைக்கும் ஒரு சின்னக் காய்ச்சல், ஒரு சின்ன இழுப்பு, அவளுக்கு வலிக்காத மாதிரி ஏதாவது ஒன்றை உடம்பில் விட்டு வையும், இதையாவது நான் கேட்கிற மாதிரியே தாரும். உலகத்தில் எந்தத் தாயும் கேட்காததைக் கேட்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. தெரிந்தேதான் ஆமென் சொன்னாள்.

காலையில் சிஸ்டர் வந்து, கெத்சியாளின் சட்டையைத் தூக்கி, நெஞ்சிலும் முதுகிலும் குழலை வைத்துக் கேட்டாள். நிமிர்ந்து சிரித்தாள்.

"சுத்தமா இருக்கும்மா. இழுப்பே இல்ல. நல்லபடியாக் கூட்டிட்டுப் போங்க."

"நல்லா வச்சுப் பாருங்க சிஸ்டர்," என்றாள் எப்சிபா.

"பாத்துட்டேம்மா. பிள்ளைக்கு ஒண்ணுமில்ல, பயப்படாதீங்க."

வாசல் பக்கம் தள்ளுவண்டியின் சக்கரம் கிறீச்சிட்டது. கெத்சியாள் எழுந்து உட்கார்ந்தாள். எப்சிபா சிஸ்டரின் கையை, குழலோடு சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொருக்கா," என்றாள். "இன்னும் ஒரே ஒருக்கா வச்சுப் பாருங்க."